கடைசி மணியின் காலைகள்

இந்த வெள்ளை ரிப்பன் என் தலையில் ஒரு நாளும் ஒழுங்காக நின்றதில்லை. என் முடி மெல்லியது, எங்கள் ஊர்க் காற்று முரடு. அம்மா எத்தனை ஊசி குத்தினாலும் பள்ளி வாசலைத் தொடுவதற்குள் ரிப்பன் பூ ஒரு பக்கம் சாய்ந்துவிடும். பிறகு நானே கட்டிக்கொள்ளக் கற்றேன். இறுக்கமாகவும் கட்டத் தெரியும். இறுக்கமாகத் தெரியும்படி தளர்வாகவும் கட்டத் தெரியும். பழகிக்கொள்ள எனக்கு நிறையக் காலைகள் கிடைத்தன, எஜே.

நான் நின்றுகொண்டே பேசலாமா? உட்கார்ந்தால் கால் ஆடுகிறது, மேசையும் சேர்ந்து ஆடுகிறது. உங்கள் தேநீர் சிந்திவிடும்.

வெளியே நிற்கும் காவலர் உங்கள் பெயர் தாமிரா என்றார். விசாரணை அதிகாரியை எஜே என்று அழைக்கலாமா என்று தெரியவில்லை. ஆனால் மூத்த பெண்களை வேறு எப்படி அழைப்பது என்றும் எனக்குத் தெரியாது. பொய் சொல்ல மாட்டேன். சில விஷயங்களை வரிசை மாற்றிச் சொல்வேன், அவ்வளவுதான்.

இன்று மே இருபத்தாறு என்று உங்கள் சுவர்க் காலண்டர் சொல்கிறது. அந்தத் தாளை நான் வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கு அது ஒரு தாள்.

பாயெலைப் பற்றி உங்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கும். எங்கள் தெரு, எங்கள் வகுப்பு. முதல் வகுப்பிலிருந்து பதினொன்றாம் வகுப்பு வரை நானும் அவனும் சேர்ந்தே பள்ளிக்கு நடந்தோம். மல்யுத்தக்காரன். கழுத்தும் தோளும் ஒன்றாக இருக்கும். ஏரிக்கரையில் பிறந்தவன், நீச்சல் மட்டும் தெரியாது. இஸ்ஸிக்-குல் ஏரித் தண்ணீர் குளிர் என்று கோடையில்கூடக் கணுக்கால் வரைதான் இறங்குவான். அவனைத் தலைநகரில் ஒரு பயிற்சி முகாமுக்கு எடுத்திருந்தார்கள். அங்கிருந்து வெளிநாடு, பல வருடங்கள். விளையாட்டுக்காரர்களுக்கு உண்டான சலுகையில் இறுதித் தேர்வுகளை முன்கூட்டியே எழுதிவிட்டான். மே இருபத்தைந்து எங்கள் பள்ளியின் கடைசி மணி, பதினொன்றாம் வகுப்புக்கு விடைகொடுக்கும் விழா. இருபத்தாறு விடியுமுன் அவனுக்கு வேன்.

நான் சொல்லப்போவது அந்த இருபத்தைந்தைப் பற்றித்தான். உங்களுக்கு அது ஒருமுறை வந்தது. எனக்குப் பல முறை வந்தது. எத்தனை என்று கேட்காதீர்கள், எண்ணுவதை விட்டுவிட்டேன். காலையில் கண் விழிப்பேன், அதே நாள். அம்மா என் பள்ளிச் சீருடையின் அதே ஏப்ரனை அதே பலகையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பாள். என்னைத் தவிர யாருக்கும் நேற்று நடந்தது நினைவில் இருக்காது.

நீங்கள் பேனாவை வைத்துவிட்டீர்கள். பரவாயில்லை. நம்பாமலே கேளுங்கள்.

முதல் இருபத்தைந்தைச் சொல்கிறேன். அது உண்மையான விபத்து.

காலையில் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா சோனுன் எஜே வாசலில் ஒரு முழு ரொட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார். பாயெல் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான்.

"கடி. பெரிசா கடி. எலி கொறிச்ச மாதிரி கொறிக்காதே."

"அம்மா, நாளைக்குத்தானே போறேன். இன்னைக்கே எதுக்கு?"

"நாளைக்கு இருட்டுலயே வேன் வந்துடும். தூக்கக் கலக்கத்துல நீ ரொட்டியக் கடிப்பியோ என் விரலைக் கடிப்பியோ. கடிடா."

கடித்தான். வாய் நிறைந்து கன்னம் புடைத்தது. என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினான். சோனுன் எஜே மிச்ச ரொட்டியை வெள்ளைத் துணியில் கட்டி, அடுக்களைக் கதவுக்கு மேலே ஆணியில் தொங்கவிட்டார்.

இது உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும், எஜே. தூரம் போகிறவன் ரொட்டியைக் கடித்துவிட்டுப் போக வேண்டும். மிச்சத்தைத் தின்ன அவன் திரும்பி வந்தாக வேண்டும். அது தொங்கும்வரை வீடு அவனை இழுத்துக்கொண்டே இருக்கும். பட்டாளத்துக்குப் போன என் மாமாவின் ரொட்டி கல்லாக இறுகிப்போய்த் தொங்கியது. திரும்பி வந்ததும் தேநீரில் ஊறவைத்துத் தின்றார். ஒரு பல்கூட உடைந்தது. எங்களில் யாரும் இதை நம்புகிறோமா என்று கேட்டுக்கொள்வதில்லை. ரொட்டியைத் தொங்கவிடுகிறோம்.

பள்ளியில் எல்லாம் வழக்கப்படி நடந்தது. ஒலிபெருக்கி இரண்டு முறை கீச்சிட்டது. கடைசி மணிக்குப் பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் முதல் வகுப்புச் சிறுமியைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றுவான், அவள் மணியை ஆட்டுவாள். இந்த வருடம் பாயெல். அந்தக் குழந்தை உயரத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது.

"அழாதே. ரெண்டு காதையும் பிடிச்சுக்கோ. அதுதான் ஸ்டியரிங். வலது காதைத் திருகு, வலது பக்கம் போவேன்" என்றான் பாயெல்.

வரிசையிலிருந்து எமில் கத்தினான். எங்கள் வகுப்பில் வாயை மூடத் தெரியாதவன் அவன் ஒருவன்தான். "அந்தக் காதுக்குத்தான்டா உன்னைத் தேர்ந்தெடுத்தாங்க! தோளுக்கில்ல!"

எல்லோரும் சிரித்தார்கள். குழந்தையும் சிரித்து, காதைத் திருகியது. பாயெல் உண்மையாகவே வலது பக்கம் திரும்பினான். தலைமையாசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் துடைத்துக்கொண்டேன். முதல் நாள் அழுதேன், அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு வகுப்பு முழுக்கப் பழைய துறைமுகத்துக்குப் போனோம். கப்பல் வராமல் போய் எங்கள் அப்பாக்கள் காலத்திலிருந்தே அந்த மரப்பாலம் ஏரிக்குள் நீட்டிக்கொண்டு கிடக்கிறது. பலகைகள் பாதி இல்லை. படமெடுக்க அழகான இடம். மதியத்துக்குமேல் உலான் எழுந்தது. மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எமிலும் மற்றவர்களும் கரைக்கு ஓடிவிட்டார்கள். அங்கே காரின் மறைவில் எண்ணெயில் பொரித்த பூர்சோக் பொட்டலமும் பாட்டுப் பெட்டியும் இருந்தன. நான் பாலத்தின் நுனியில் நின்றேன். எனக்குக் காற்றில் நிற்பது பிடிக்கும். பாயெல் பலகை பலகையாகத் தாண்டி என்னிடம் வந்தான்.

"நாளைக்கு இந்நேரம் நான் இங்க இல்ல" என்றான்.

"தெரியும்."

"உனக்கு ஏதாவது சொல்லணுமா?"

"என்ன சொல்லணும்?"

அப்போது ரிப்பன் பறந்தது.

எங்கள் ஊரில் காற்று பறித்துக்கொண்டு போகிற பொருளைத் துரத்திப் பிடித்துக் கொடுப்பது ஆண்பிள்ளைகளுக்கு மரியாதைப் பிரச்சினை. தொப்பியானாலும் துணியானாலும் யோசிக்காமல் ஓடுவார்கள். பாயெல் எங்கள் கணக்கு ஆசிரியரின் கல்பாக் தொப்பியைச் சந்தைவரை துரத்தியவன். அவன் ஓடினான். ரிப்பனைப் பார்த்துக்கொண்டு ஓடினான், பலகையைப் பார்க்கவில்லை.

நான் கத்தினேன். காற்று எதிர்ப்பக்கம். கரையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீரில் மூச்சு உடனே நின்றுவிடுகிறது. அவன் சத்தம்கூடப் போடவில்லை.

அன்று மாலை சோனுன் எஜே அழவில்லை. அடுக்களைக் கதவின் கீழே நின்று ஆணியில் தொங்கிய துணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இது இன்னும் இங்கதானே இருக்கு, இது இன்னும் இங்கதானே இருக்கு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். நான் ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் எங்கள் வீட்டில் தரையில் படுத்தேன்.

விழித்தபோது அம்மா ஏப்ரனை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"எழுந்திரு மகாராணி. கடைசி மணிக்கு மொத ஆளா போகணும்னு நேத்து யாரோ பீத்திக்கிட்டாங்க."

நான் வெறுங்காலோடு அவன் வீட்டுக்கு ஓடினேன். அவன் வாசலில் நின்று பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான். "ஏய், செருப்பு எங்கடி?" என்றான்.

அந்த இரண்டாவது நாளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது நாள் ரிப்பன் தானாகத்தான் பறந்தது. ஏறக்குறையத் தானாக. நான் கையால் அழுத்திப் பிடித்திருந்தேன். பிறகு கையை எடுத்தேன்.

நான்காவது காலையில் அவன் மறுபடி வாசலில் நின்றான். வாய் நிறைய ரொட்டி. அப்போது எனக்குப் புரிந்தது. இதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. அவன் தண்ணீருக்குள் போனால் நாள் திரும்புகிறது. ரொட்டி ஆணியில் தொங்கினால் அவன் திரும்புகிறான். திரும்பி வருவதற்காகத்தானே கடிக்கச் சொல்கிறோம். தூரம் எவ்வளவு என்று ரொட்டிக்கு என்ன தெரியும்?

இப்படி யோசித்துப் பாருங்கள். அவன் உயிரோடு இருந்தால் விடியுமுன் வேனில் ஏறிப் போய்விடுவான். நல்லவன், முதலில் தினமும் பேசுவான், பிறகு பண்டிகைக்குப் பேசுவான், பிறகு அவனுடைய கல்யாணப் படத்தை எமில் எனக்குக் காட்டுவான். தண்ணீருக்குள் போனால் காலையில் எனக்காக வாசலில் நிற்பான். எது அவனுக்கு இழப்பு? அவனுக்கு எதுவும் நினைவில்லை. குளிர் நினைவில்லை, பயம் நினைவில்லை. ஒவ்வொரு காலையும் அவனுக்குப் புத்தம் புதியது. நான்தான் இரண்டையும் சுமந்தேன்.

அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். மறைக்க விரும்பவில்லை. பள்ளிக்கு நடக்கிற அந்தத் தூரம் முழுக்க அவன் எனக்குச் சொந்தம். ஒரு நாள் கேட்ட கேள்வியை மறுநாள் கேட்க மாட்டேன். அதனால் எல்லாம் தெரிந்துகொண்டேன். சிறு வயதில் குதிரையைப் பார்த்தால் பயம், அதை யாரிடமும் சொன்னதில்லை. முதல் தோல்விக்குப் பிறகு உடை மாற்றும் அறையில் வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதிருக்கிறான். அவன் அம்மாவுக்குத் தெரியாததெல்லாம் எனக்குத் தெரிந்தது. எந்த நகைச்சுவைக்கு அவன் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிப்பான் என்று கண்டுபிடிக்கச் சில காலைகள் ஆயின. பிறகு அதைத் தினமும் சொன்னேன். தினமும் சிரித்தான்.

ஒருமுறை கேட்டான்: "என்னடி இன்னைக்கு, நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாலயே பதில் சொல்ற? பேய் கீய் பிடிச்சிருக்கா?"

"உன்னைப் படிக்கறது ரொம்பச் சுலபம். ரெண்டாம் வகுப்புப் பாடம்."

"அப்ப என்னைப் பத்தி யோசிக்கற."

"காதைப் பத்தி யோசிச்சேன்."

நல்ல நாள் அது. அன்றும் மாலையில் பாலத்துக்குப் போனோம்.

நீங்கள் கயிற்றைப் பற்றிக் கேட்டீர்கள். சரி. பாலத்தின் நுனித் தூணில் படகு கட்டுகிற பழைய கயிறு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. பெரும்பாலும் அவன் அதைப் பார்ப்பதில்லை. ஒரு நாள் பார்த்துவிட்டான். பிடித்தும்விட்டான். மல்யுத்தக்காரன் கை, எஜே, இடுப்புவரை மேலே வந்துவிட்டான். என்னைப் பார்த்து, "கை கொடு" என்றான். உதடு நீலமாக இருந்தது. நான் மண்டியிட்டு உட்கார்ந்தேன். முடிச்சு ஏற்கெனவே இற்றுப்போயிருந்தது. அவிழ்க்க அதிக நேரம் ஆகவில்லை.

அதற்குப் பிறகு நுனிக்கு வந்ததும் முதலில் கயிற்றைச் சுருட்டி மேலே வைத்துவிடுவேன். அவனுக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்றுதான். நம்பிக்கையோடு போராடுவது நீளமானது.

ஜன்னலைச் சற்றுத் திறக்கலாமா? இல்லை, வேண்டாம், மூடியே இருக்கட்டும். இங்கே காற்று கேட்காதது எனக்குப் பழக்கமில்லை.

பிறகு எனக்குச் சலிப்பு வந்தது. சலிப்பு என்பதும் சரியில்லை. உடம்புக்குள் ஏதோ ஓடிக்கொண்டே இருந்தது. ஒலிபெருக்கி கீச்சிடுவதற்கு முன்பே என் தோள் தூக்கிக்கொள்ளும். எமில் வாயைத் திறந்தால் நான் காதைப் பொத்திக்கொள்வேன். அம்மா "மகாராணி" என்றால் தலையணையைக் கடிப்பேன். அந்தக் குழந்தை தினமும் அதே காதைத் திருகியது. ஊரில் எல்லோரும் பொம்மைகள் போல் ஒரே பாதையில் நடந்தார்கள். நான் மட்டும் வளர்ந்துகொண்டிருந்தேன். எனக்கு இருபத்தாறாம் தேதி வேண்டும் போலிருந்தது. அது எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும். மழை பெய்யுமா, சந்தையில் புது ஆப்ரிகாட் வந்திருக்குமா என்று. ஆனால் இருபத்தாறில் வேன் நின்றுகொண்டிருந்தது.

இப்போது நேற்றுக்கு வருகிறேன். உங்கள் நேற்றுக்கு.

நேற்றும் எல்லா நாளையும் போலத்தான். ரிப்பன், பலகை, தண்ணீர். நான் வீட்டுக்கு வந்து படுத்தேன். காலையில் விழித்தபோது இஸ்திரிப் பெட்டி ஓடவில்லை. அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து என் காலைத் தடவிக்கொண்டிருந்தாள். வெளியே மழை தூறியது. சோனுன் எஜேயின் குரல் தெருமுனைவரை கேட்டது. நாள் நகர்ந்துவிட்டது. ஏன் நகர்ந்தது என்று எனக்குத் தெரியாது. நான் நம்பியது இதுதான்: அவன் காலையில் வாசலில் நிற்பான். வேறுவிதமாக நினைத்திருந்தால் நான் அப்படிச் செய்திருக்க மாட்டேன். இதுதான் என் வாக்குமூலம். இதில் கையெழுத்துப் போடத் தயார்.

தாமிரா எஜே இதைக் கேட்டதும் பேனாவை எடுக்கவில்லை. மேசைக்கு அடியிலிருந்து ஒரு பையை எடுத்தார். உள்ளே என் ஏப்ரன்.

"சோனுன் நேத்து சாயங்காலம் நேரா அடுக்களைக்கு ஓடியிருக்கா. ஆணியில ரொட்டி இல்ல. துணி மட்டும் மடிச்சு அலமாரியில இருந்திருக்கு" என்றார்.

நான் ஜன்னல் பக்கம் நடந்தேன்.

"உன் ஏப்ரன் பையில ரொட்டித் துணுக்கு இருந்துச்சு பெர்மெத். எள்ளு போட்ட ரொட்டி. உங்க வீட்டுல எள்ளு போட மாட்டாங்களாம், உங்க அம்மாவக் கேட்டேன்."

"பசிச்சுது எஜே."

"அப்படியா?"

 தேநீரை என் பக்கம் நகர்த்தினார். நீங்கள் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சரி. வரிசையாகவே சொல்கிறேன்.

நேற்றுக் காலை அவன் கடித்தான், சோனுன் எஜே தொங்கவிட்டுவிட்டுத் தேநீர் எடுக்க உள்ளே போனார். நான் முக்காலியில் ஏறி அதை இறக்கினேன். துணியை மடித்து வைத்தேன். ரொட்டியை ஏப்ரன் பைக்குள் திணித்துக்கொண்டு தெருவுக்கு வந்ததும் எடுத்துக் காட்டினேன்.

பாயெல் நின்றுவிட்டான். "ஏய்! அம்மா என்னைக் கொன்னுடுவா!"

"சூடா இருக்கு. காஞ்சு போனப்புறம் தின்னு என்ன ருசி? பாதி உனக்கு."

"லூசாடி நீ? அப்புறம் என்னைத் திரும்பக் கூப்பிட என்ன இருக்கும்?"

ஆனால் அவனுக்கு எப்போதும் பசி. வாங்கிக்கொண்டான். பள்ளிக்குப் போகும் வழியெல்லாம் பிய்த்துப் பிய்த்துத் தின்றோம். கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னான்: "ரொட்டிதான் இல்லையே. நீ கூப்பிட மாட்டியா?"

நான் எமிலைப் பார்த்துக் கையசைத்தேன்.

ஆக, எனக்குத் தெரியும். ரொட்டி இல்லை, அவன் திரும்ப மாட்டான் என்று தெரிந்துதான் மாலையில் நுனிக்குப் போனேன், கயிற்றைச் சுருட்டினேன். எனக்கு நாளை வேண்டும், அதில் அவன் ஊரைவிட்டுப் போகாமல் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்க வேறு வழி எனக்குத் தோன்றவில்லை. இப்போது அவன் எங்கும் போக மாட்டான். ஊருக்கு மேலே இடுகாட்டு மேட்டில்தான் இருப்பான். எங்கள் வீட்டு மாடியிலிருந்து அந்த மேடு தெரியும்.

நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நிதானமாக எழுதுங்கள், நான் நடந்துகொண்டிருக்கிறேன்.

"ரெண்டாவது நாள்னு ஒண்ண விட்டுட்ட" என்றார் எஜே, எழுதியபடியே.

"அது முக்கியமில்ல."

"முக்கியமில்லாததையும் சொல்லிட்டுப் போ."

இரண்டாவது நாள் நான் ரிப்பனையே கட்டவில்லை. அம்மா திட்டினாள், ஆசிரியை திட்டினார். வெறுந்தலையோடு நின்றேன். அவனைப் பாலத்துக்குப் போகவும் விடவில்லை. வயிற்றுவலி என்று சொல்லி அவனை என்னோடு வீட்டுக்கு நடக்க வைத்தேன். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெயில் இறங்கும்போது அவன் வீட்டு வேலிப் படலை அருகே நின்றோம். உள்ளே அவனுடைய பை கட்டி வைத்திருந்தது.

"போகணும்னுதான் எல்லாரும் சொல்றாங்க" என்றான். "அம்மா, பயிற்சியாளர், எமில்கூட. யாராவது ஒரே ஒரு ஆள் 'போகாதடா'ன்னு சொன்னா, பையைத் தூக்கி உள்ள போட்டுடுவேன்னு தோணுது. பைத்தியக்காரத்தனம், இல்ல?"

படலையின் ஆணியைத் திருகிக்கொண்டே நின்றான். "உனக்கு ஏதாவது சொல்லணுமா?" என்றான்.

"நல்லபடியா போயிட்டு வா" என்றேன்.

அவன் தலையாட்டினான். உள்ளே போனான். நான் வீட்டுக்கு வந்து படுத்தேன். விழித்தபோது அம்மா ஏப்ரனை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

ஆமாம். அவன் உயிரோடு இருந்தான், நாள் அப்போதும் திரும்பியது. அவன் தண்ணீருக்குள் போக வேண்டிய அவசியமே இருந்ததில்லை. அது எனக்கு மூன்றாவது நாளுக்கு முன்பே தெரியும்.

நீங்கள் கேட்கப்போவதையும் நானே சொல்லிவிடுகிறேன். பாலத்து நுனியில் அவன் தினமும் வேறு வேறு பேச்சுப் பேசுவான். ஆனால் கடைசியில் அந்த ஒரு கேள்விக்கு வந்துவிடுவான், எப்படி இழுத்தாலும். தளர்வாகக் கட்டிய ரிப்பன் அவிழும்படி நான் தலையை அசைப்பது அந்தக் கேள்விக்குப் பிறகுதான். அதற்கு முன்பு ஒரு நாளும் அசைத்ததில்லை. கேள்வி முடியும், ரிப்பன் பறக்கும், பதில் சொல்ல வேண்டியிருக்காது.

அப்படிப் பார்க்காதீர்கள், எஜே. சொல்லியிருக்கலாமே என்று எல்லோருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் அவன் விளையாட்டுக்குக் கேட்டிருக்கலாம். நான் "போகாதே" என்று சொல்லி, அவன் சிரித்திருந்தால் என் நிலைமை என்ன ஆகியிருக்கும்?